ரொறன்ரோவில் இருந்து கிளிநொச்சி: பிளேன் நேரமும் வான் நேரமும்

போன ஆடியில் அக்கா குடும்பம் ரொறன்ரோவில் இருந்து வந்தது. வெள்ளி இரவு 10 மணிக்கு அங்கே ஏற்றம், ஞாயிறு விடிய 4.15க்குக் கொழும்புப் பிளேன்கள் இறங்கும் கட்டுநாயக்காவில் இறக்கம். ரிக்கெற் வட்ஸ்அப்பில் வந்ததும் மாமா விரல்விட்டு எண்ணி, "முப்பது மணித்தியாலமோ, பிள்ளையள் தாங்காதுகள்" என்று அம்மாவையும் பயப்படுத்திவிட்டார்.

ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. அவர்கள் ஏறும்போது இங்கே சனி காலை ஏழரை. அதிலிருந்து எண்ணினால் 20 மணி 45 நிமிடம்தான், அதிலும் 4 மணித்தியாலம் டுபாயில் கதிரையில் குந்தியிருந்தது.

டுபாயால் வருவது சுத்துப் பாதை என்று கனபேர் சொல்கிறார்கள். அப்படியில்லை. ரொறன்ரோ கொழும்பு நேர்தூரமே கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர், அந்தக் கோடும் வடதுருவப் பக்கம் ஏறித்தான் இறங்கும். டுபாய் மட்டும் 11,100, பிறகு கொழும்புக்கு 3,300, கூட்டிப் பாருங்கள், 400 தான் கூட. திரும்பிப் போகும்போது டுபாய் ரொறன்ரோ துண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடும், மேலே 10 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எதிராகப் பறக்க வேண்டும்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீற்றர் அளவு. பிளேனுக்கு அது 20 நிமிடப் பாடு. நாங்கள் சனி இரவு எட்டு மணிக்கே வான் எடுத்தோம், ஏ9இல் இரவில் மாடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கும், கோன் அடித்தாலும் எழும்பாது, றைவர் தம்பி லைற்றை வெட்டி வெட்டிக் காட்டி ஒன்று ஒன்றாக எழுப்பி வவுனியா தாண்டவே நேரம் போய்விட்டது. பிறகு அனுராதபுரம், புத்தளத்தில் ஒரு பிளேன்ரீ, சிலாபம், நீர்கொழும்பு. திரும்பி வரும்போது பெட்டிகளை மேலே கட்டி, மருமக்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் சாய்ந்து நித்திரை, கண் முழிக்கிற நேரமெல்லாம் "இன்னும் வரேல்லையா மாமா?" பிளேனில் ஒருக்காலும் கேட்கவில்லையாம்.

அதனால் சொல்கிறேன், விடிய இறங்குகிற பிளேனைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் ஊர் வந்து சேரலாம். பின்னேரம் இறங்கினால் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குவது நல்லது, களைத்த றைவரோடு இரவு ஓட்டம் சரிவராது.

யாழ்ப்பாணத்துப் பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, எங்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள். சென்னையில் இருந்து 350 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் சின்னப் பிளேன். கனடாவில் இருந்து பெரிய பெட்டிகளோடு அந்த வழியால் வந்தவர்கள் இருந்தால், எத்தனை கிலோ கொண்டுவர விட்டார்கள் என்று எழுதுங்கோ, அடுத்த முறை அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.