புதுப்பிப்பு: மின்சார பிக்கப்பும் பின்னால் ஒரு டிரெய்லரும்

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப் டிரெய்லர் இழுத்தால் அதன் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, அதற்கு எடைதான் காரணம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு, திருத்திக்கொள்கிறேன். சமமான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிய எதிரி காற்று. தாழ்வான படகு டிரெய்லரைவிட, சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கேம்பர்தான் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) பேட்டரியை உறிஞ்சும். வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு.

"பெட்ரோல் வண்டிக்கும் அதே காற்றுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அதன் மைலேஜும் சரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி. ஒரு அமெரிக்க கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலில் இருப்பது சுமார் 33.7 கிலோவாட் மணி. ஆக, அந்த ராட்சத பேட்டரி மொத்தமும் 15 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், ஒரு பைக் டாங்க்! மோட்டார் சிக்கனமானது என்பதால் அதிலேயே 515 கி.மீ. வரை ஓடுகிறது. பெட்ரோல் எஃப்-150இல் 136 லிட்டர் டாங்க் கிடைக்கும். பாதி போனாலும் கவலையில்லை.

அப்புறம் சார்ஜிங். பல நிலையங்கள் கார் நிறுத்துமிடம் மாதிரி, மூக்கை நுழைத்து நிற்க வேண்டும். டிரெய்லரைக் கழற்றி ஓரங்கட்டி, சார்ஜ் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். மழையில் செய்து பாருங்கள்.

இன்னொன்று: அடுத்த லைட்னிங்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கும் என்று 2025 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்துவிட்டது. அந்த யோசனையை நான் கிண்டலடித்திருந்தேன். சரி, வாபஸ்.