கப்பலுக்கு டீசல் இறக்கினோம், அளவு குறைகிறதாம். அவசரம்

திருமங்கலம் டேங்கர்:
தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கப்பலுக்கு டீசல் இறக்கினோம். லாரி சுத்தமாகக் காலி, சீலும் சரியாக இருந்தது. 150 லிட்டர் குறைவு என்று கப்பல் இன்ஜினியர் கையெழுத்துப் போட மறுக்கிறார். நான் ஊரில் இருக்கிறேன், டிரைவர் அங்கே நிற்கிறார். என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
எத்தனை லிட்டர் லாரி? கப்பலில் அளந்தது மீட்டரிலா, டேங்குக்குள் இறக்கி எண்ணெய் மட்டம் பார்க்கும் டேப்பிலா?

மேலூர்க்காரன்:
வெயிலில் ஏற்றினீர்களா? 10 டிகிரி சூடு இறங்கினாலே 12,000 லிட்டரில் ஏறக்குறைய 100 லிட்டர் சுருங்கிவிடும். காரணம் இதுதான். இரண்டு அளவையும் 15 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள்.

பழைய சீஃப்:
கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கப் போகிறவர் அடிப்படையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும், தம்பி. இறக்குவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து டேங்க் அளந்தீர்களா? டெக்கில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்தார்களா? மெதுவாகத் தொடங்கி, இணைப்பில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே வேகம் கூட்ட வேண்டும். டேங்க் நிரம்பி வழிந்தால் காற்றுக்குழாய் வழியாக டெக்குக்கு வந்து கடலில் கொட்டும். அதன்பின் 150 லிட்டரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

திருமங்கலம் டேங்கர்:
12,000 லிட்டர். டேப்தான். செக்லிஸ்ட் எல்லாம் போட்டார்கள்.

சோழவந்தான்:
எர்த் கொடுத்தார்களா? லாரியையும் கப்பலையும் ஒயரால் இணைக்க வேண்டும்.

வைகைக்கரை:
கூடாது. லாரிக்கு எர்த் கரையிலேயே. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் மின்சாரம் ஓடும், ஹோஸைக் கழற்றும்போது பொறி பறக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஹோஸ் வரிசையில் இன்சுலேட்டிங் ஃபிளேஞ்ச் (மின்சாரம் கடத்தாத இணைப்பு) போடுகிறார்கள்.

சோழவந்தான்:
எண்ணெய் டெப்போவில் எர்த் கிளிப் மாட்டாமல் வால்வைத் தொடவே விடமாட்டார்களே?

வைகைக்கரை:
டெப்போவில் அது சரி. அங்கே கப்பல் இல்லையே.

கீழவாசல்:
கேட்டதை விட்டுவிட்டு எங்கேயோ போகிறோம். கப்பலில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் முன்னும் பின்னும் மட்டம் மாறியிருக்கும், பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கும். 30 சதுர மீட்டர் டேங்கில் டேப் 1 செ.மீ. தவறினாலே 300 லிட்டர். சாய்வுக்குத் திருத்தும் அட்டவணை கப்பலிலேயே இருக்கும், அதை வைத்து டிரைவர் முன்னால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால், இன்ஜினியர் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போடட்டும். டீசல் மாதிரிப் புட்டியில் இரு தரப்புக் கையெழுத்தும் சீலும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். அந்த ரசீது கப்பலில் 3 வருடம் இருக்க வேண்டியது.

திருமங்கலம் டேங்கர்:
சரக்கு ஏறிக்கொண்டுதான் இருந்ததாம். சாய்வு திருத்தி அளந்தார்கள், சரியாகிவிட்டது. கையெழுத்தும் ஆயிற்று. நன்றி அண்ணே.

மேலூர்க்காரன்:
வெப்பத்துக்குத் திருத்தினார்களா?