பொருள்: ‘ரீட்பேக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கையேடு தொகுப்பவர், மீனம்பாக்கம்:

வணக்கம். ஆர்.டி.ஆர். (விமான ரேடியோவில் பேச உரிமம் பெறும்) தேர்வுக்குப் படிக்கும் மாணவ விமானிகளுக்கான தமிழ்க் கையேடு ஒரு சொல்லில் நின்றுகிடக்கிறது. கட்டுப்பாட்டாளர் தந்த அனுமதியை விமானி திருப்பிச் சொல்வதை ‘ரீட்பேக்’ என்கிறோம். தேர்விலும் காக்பிட்டிலும் பேசுவது ஆங்கிலத்தில்தான், அதில் மாற்றமில்லை. எதை, எந்த வரிசையில், ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விளக்குவதுதான் தமிழில். அங்கே இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

வரைவில் ‘மறுவாசிப்பு’ என்று போட்டிருக்கிறது. மனம் ஒப்பவில்லை. இலக்கியக் கூட்டங்களில் ஒரு நாவலைப் புதிய கோணத்தில் படிப்பதற்கு அந்தச் சொல் போய்விட்டது. விமானியின் சொந்தக் கோணத்துக்கு இங்கே இடமே கிடையாது. ‘மீளுரை’ என்றொரு யோசனையும் வந்திருக்கிறது. உங்கள் கருத்து?

ரேடியோ பயிற்றுநர், பல்லாவரம்:

சார், சொல்லைத் தேடுமுன் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். மாணவர் கேட்கிறார், முழங்கால் அட்டையில் எழுதுகிறார், எழுதியதைச் சொல்கிறார். அதோடு முடியவில்லை. தான் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தவறு இருந்தால் ‘நெகட்டிவ்’ என்று சொல்லித் திருத்துவார். திருத்தியதை மாணவர் மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டும். ‘மீளுரை’யில் சொல்பவர் மட்டுமே தெரிகிறார், சரிபார்ப்பவர் காணாமல் போகிறார்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று:

‘விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே ஸீரோ செவன்.’ (முதலில் விமானத்தின் அழைப்புக்குறி, பிறகு ‘ஓடுபாதை 07-க்கு முன்னால் நில்’ என்ற உத்தரவு.)

இதற்கு ‘ராஜர்’ என்றால் பதிலே ஆகாது. ‘ஹோல்டிங் ஷார்ட் ஆஃப் ரன்வே ஸீரோ செவன்’ என்று சொல்லி, கடைசியில் தன் அழைப்புக்குறியைச் சேர்க்க வேண்டும். சென்னையில் 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்கிறோம் என்ற எண் வாயிலிருந்து வந்தே ஆக வேண்டும்.

‘ராஜர்’ என்றால் கடைசியாகச் சொன்னது முழுதும் காதில் விழுந்தது, அவ்வளவே. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆம். தமிழில் நாம் இந்த மூன்றுக்கும் ‘சரி’ என்று ஒரே சொல்லைச் சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் ‘ஓகே’யாகவும் ‘ராஜர்’ஆகவும் ரேடியோவில் வந்து விழுகிறது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். துணை விமானி வழித்தட அனுமதியை (எந்த வழியில் பறப்பது என்பது மட்டும், கிளம்பும் அனுமதி அல்ல) திருப்பிச் சொல்லிவிட்டு, தாங்கள் இப்போது ‘டேக்ஆஃப்’பில் இருப்பதாகச் சேர்த்துச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திருக்கும்படி சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானமும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பேசியது. இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதியதில் கே.எல்.எம். காக்பிட்டில் ‘ஓகே’வுக்குப் பின் கீச்சொலிதான் மிஞ்சியது. ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை மேலே கிளம்பும் அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்தி, மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்று சொல்லும் விதி இதிலிருந்து வந்தது. மாணவர்கள் இதைக் காரணத்தோடு படிக்க வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), மயிலாப்பூர்:

தம்பி, பயிற்றுநர் சொன்னதைப் படித்ததும் பள்ளிக்கூடத்துச் சொல்தான் நினைவுக்கு வருகிறது: ஒப்புவித்தல். பிள்ளை சொல்லும், ஆசிரியர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பார், ஒரு சீர் பிசகினாலும் நிறுத்துவார். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி நடக்காத ஊர் உண்டா? சொல்பவர், கேட்டுச் சரிபார்ப்பவர் இருவருமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். ‘ஒப்பு’ என்பதில் ஒத்திருத்தலும் உண்டு, ஒப்புக்கொள்ளலும் உண்டு. பெயர்ச்சொல்லாக ‘ஒப்புவிப்பு’ என்று வைக்கலாம். வினையாக ‘ஒப்புவி’ இருக்கவே இருக்கிறது.

ரேடியோ பயிற்றுநர், பல்லாவரம்:

அம்மா, சொல் பொருந்துகிறது. ஒரே ஒரு கவலை: ஒப்புவித்தல் என்றால் மனப்பாடம் என்ற நினைப்பும் கூடவே வரும். ரேடியோவில் ஆபத்து அங்கேதான். மாணவர் வீட்டில் நூறு தடவை ‘க்யூ.என்.எச். ஒன் ஸீரோ ஒன் த்ரீ’ (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில் 1013) என்று பயிற்சி செய்திருப்பார். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாளில் 1003 தந்தால், காது 1003-ஐக் கேட்கும், வாய் 1013 என்று சொல்லும், கையும் உயரமானியில் அதையே வைக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி என்றால், பத்துக்கு 270 அடி. உயரமானி 1,000 அடி காட்டும்போது விமானம் உண்மையில் சுமார் 730 அடியில் இருக்கும். ‘கேட்டதை ஒப்புவித்தல்’ என்று விளக்கத்தில் அழுத்திச் சொல்லிவிட்டால் எனக்குச் சம்மதம்.

ஒப்புவிக்க வேண்டியவை: வழித்தட அனுமதி; ஓடுபாதையில் நுழைய, இறங்க, ஏற, குறுக்கே கடக்க, அதன்மேல் திரும்பி வர, அதற்கு முன் நிற்கத் தரும் உத்தரவுகள்; பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை எண்; க்யூ.என்.எச்.; ஸ்குவாக் எண் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டுவது); உயரம், திசை, வேகம். காற்று இதில் இல்லை. ‘விண்ட் ஸீரோ எய்ட் ஸீரோ, டென் நாட்ஸ்’ என்பதையும் ஒப்புவித்து அலைவரிசையை அடைத்துவைப்பது தேவையற்றது. ‘இன்ன விமானம் இறங்கிய பின்’ என்று நிபந்தனை வைத்துத் தந்த அனுமதியில் அந்த நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. விட்டால், நிபந்தனை இல்லாத அனுமதியைச் சொன்னதாகிவிடும்.

எண் சரியாகக் கேட்கவில்லை என்றால் ஊகிக்காமல் ‘ஸே அகெய்ன்’ (மறுபடி சொல்லுங்கள்). மைக் பட்டனை அழுத்திய உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்படும், ஒரு கணம் விட்டுத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டாத வேகம் போதும்.

கையேடு தொகுப்பவர், மீனம்பாக்கம்:

அம்மாவுக்கும் பயிற்றுநருக்கும் நன்றி. கட்டுப்பாட்டாளர் காதால் சரிபார்ப்பதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘சரிபார்ப்பு’ கண்ணால் செய்வது. இது காதால் செய்வது என்பதால் ‘சரிகேட்பு’ என்று வைக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இன்னொன்று, பழைய குறிப்புகளில் இந்தத் தேர்வைத் தொலைத்தொடர்புத் துறை நடத்துவதாக இருக்கிறது. 2024-இன் புதிய விமானச் சட்டத்தில் அது டிஜிசிஏவுக்கு (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) மாறிவிட்டதால் அந்தப் பத்தியையும் மாற்றி எழுதுகிறேன்.

சொல்லடைவில் சேர்ப்பது இப்படி:

ஒப்புவிப்பு (வினை: ஒப்புவி) – கட்டுப்பாட்டாளர் தந்த அனுமதியையோ உத்தரவையோ, காதில் கேட்டபடி, அவர் தந்த வரிசையிலேயே விமானி திருப்பிச் சொல்லித் தன் அழைப்புக்குறியோடு முடித்தல். ‘ராஜர்’ ஒப்புவிப்பு ஆகாது.

சரிகேட்பு – ஒப்புவிப்பைக் கட்டுப்பாட்டாளர் தன் உத்தரவோடு ஒத்துப் பார்த்துக் கேட்டல். பிழை இருந்தால் உடனே திருத்தி மறுபடி ஒப்புவிக்கச் செய்தல்.