ஆடுற சிலிண்டர் எஞ்சின்: உஸ்ஸுனு காத்து போகுது, தானா ஓட மாட்டேங்குது

தாம்வே லேத்து
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கேன், வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாயில ஒரு சைனா மினி லேத்து (கடைசல் மெஷின்) வச்சிருக்கேன், ஸ்டீம் எஞ்சின் மாடல் செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆடுற சிலிண்டர் டைப்தான் ஈஸி, வால்வு கிடையாது ஒண்ணும் கிடையாது, சிலிண்டரே ஆடி ஆடி ஓட்டையைத் திறந்து மூடிக்கும்னு சொன்னாங்க, அதையே செஞ்சேன். சிலிண்டர் பித்தளை, உள்விட்டம் 12 மி.மீ., ஸ்ட்ரோக் 20. பிஸ்டன் ஸ்டெயின்லெஸ் ராடு. பிவட்ல (சிலிண்டர் ஆடுற அச்சு) இருந்து கிராங்க் (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) சென்டர் வரைக்கும் 50 மி.மீ., சிலிண்டர் ஓட்டை பிவட்டுக்கு மேல 10 மி.மீ. ஓட்டை எல்லாமே 2.5 மி.மீ., கையில இருந்த ட்ரில் பிட்டுல அதான் சின்னது.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்ல காத்து குடுக்குறேன். 2 பார் பிரஷர்ல கையால சுத்திவிட்டா கொஞ்சம் ஓடி நின்னுடுது. 4 பார் குடுத்தா ஓடுது, ஆனா உஸ்ஸுனு சத்தம் நிக்கவே இல்ல, டேங்க் சீக்கிரம் காலி. பிஸ்டன் லூஸ்னு நினைக்கிறேன், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடலாமா இல்ல புதுசா டைட்டா ஒரு பிஸ்டன் கடையலாமா? கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாத ஊர்ல வேஸ்டா ஒரு வேலைய ஆரம்பிக்க மனசு வரல, அதான் கேக்குறேன். இது ஓடிட்டா அடுத்து பெயிண்ட் டப்பால ஒரு பாய்லர் செஞ்சு நிஜ ஸ்டீம்லயே ஓட்டலாம்னு ஐடியா.

பெகு மெக்கானிக்
ஓ-ரிங் போடு தம்பி, கூடவே பிவட் ஸ்பிரிங்கை நல்லா டைட் பண்ணு, சிலிண்டர் காத்து ஓட்டை இருக்கிற பிளேட்டோட ஒட்டி நிக்கும், லீக் போயிடும். பைக் கடையில நாங்க எல்லாத்துக்கும் ஓ-ரிங்தான்.

மோல்மேன் பிட்டர்
அண்ணே கோவிச்சுக்காதீங்க, பைக்குக்கு சரி, இந்தக் குட்டி எஞ்சினுக்கு ஓ-ரிங்கும் வேணாம் டைட் ஸ்பிரிங்கும் வேணாம். ரெண்டுமே உராய்வைத்தான் ஏத்தும், இதோட பலமே அவ்வளவுதான். நல்லா செஞ்ச ஆடுற சிலிண்டர் வாயால ஊதினாலே சுத்தணும்.

தம்பி, பிஸ்டனைத் தொடாதீங்க. உங்க அளவை வச்சே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்ட்ரோக் 20ன்னா கிராங்க் ஆரம் 10. 10-ஐ 50-ஆல வகுத்தா 0.2, அதாவது சிலிண்டர் ஒரு பக்கமா சாயுற அதிகபட்சக் கோணத்தோட சைன். ஓட்டை பிவட்ல இருந்து 10 மி.மீ.ல இருக்கா, அப்ப அது நடுவுல இருந்து ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ.தான் நகரும். பிளேட்ல காத்து வர்ற ஓட்டையும் போற ஓட்டையும் நடுக்கோட்டுல இருந்து ஆளுக்கு 2 மி.மீ. தள்ளித்தான் போட்டிருப்பீங்க. இப்ப கிராங்க் உச்சியில நிக்குது, சிலிண்டர் நேரா இருக்குன்னு வச்சுக்கங்க, அந்த இடத்துல சிலிண்டர் ஓட்டை ரெண்டையும் தொடாம நடுவுல நிக்கணும். ஆனா 2.5 ஓட்டையில பாதி 1.25, ரெண்டு ஓட்டைக்கும் 1.25 கூட்டல் 1.25, 2.5 ஆச்சே, நடுவுல இருக்கிற தூரமோ 2தான். ரெண்டு பக்கமும் அரை அரை மி.மீ. ஏறி நிக்குது, உள்ள வர்ற காத்து சிலிண்டர் வழியா நேரா வெளிய ஓடிடுது. பிஸ்டன் எவ்வளவு டைட்டா இருந்தாலும் இந்தச் சத்தம் போகாது.

நான் சொல்றத நம்பவேணாம், நீங்களே பாருங்க. கிராங்கை உச்சியில நிறுத்தி ஃப்ளைவீலைப் பிடிச்சுக்கிட்டு லேசா காத்து விடுங்க, வெளிய போற ஓட்டையில சோப்புத் தண்ணி ஒரு சொட்டு வைங்க. நுரை வந்துச்சுன்னா சிலிண்டரை விரலால பிளேட்டோட அழுத்துங்க. அழுத்தினதும் நின்னா முகம் (சிலிண்டரும் பிளேட்டும் ஒட்டுற பக்கம்) சரியா படியல, அழுத்தியும் நிக்கலைன்னா ஓட்டை பெருசு. பிஸ்டனையும் பார்த்துடணும்னா, காத்து உள்ள போற பாதி ஸ்ட்ரோக்ல நிறுத்தி சிலிண்டரோட தொறந்த வாயில எண்ணெய் விட்டுப் பாருங்க, குபுகுபுன்னு குமிழ் வந்தாத்தான் பிஸ்டன் கேஸ்.

தாம்வே லேத்து
அண்ணே அதேதான்! அழுத்தினாலும் நுரை வருது, பிஸ்டன் பக்கம் குமிழ் ஒண்ணு ரெண்டுதான். அப்ப சிலிண்டரையும் பிளேட்டையும் புதுசாவே செய்யணுமா?

மோல்மேன் பிட்டர்
எதுக்கு? சிலிண்டர் ஓட்டை 2.5 அப்படியே இருக்கட்டும், அதுல பாதி 1.25. பிளேட் ஓட்டை 1.5 ஆனா அதுல பாதி 0.75. கூட்டினா சரியா 2, தொட்டும் தொடாம நிக்கும். ஸோ பிளேட் ஓட்டை ரெண்டையும் மட்டும் அடைச்சா போதும். 2.5 பித்தளைக் கம்பிய டைட்டா அடிச்சு இறக்கி, பின்னாடி ஈயம் வச்சு, முன்னாடி மட்டமா அரத்துல ராவிட்டு, பழைய இடத்துலயே சென்டர் வச்சு முதல்ல 1 மி.மீ., அப்புறம் 1.5 போடுங்க. 1.5 பிட்டு சட்டுனு ஒடியும், வேகமா சுத்தவிட்டு அடிக்கடி வெளிய எடுத்து தூள் தட்டுங்க.

அப்புறம் முகம். தடிக் கண்ணாடி மேல 600 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்), எண்ணெய் விட்டு எட்டு போடுற மாதிரி தேய்ங்க, முடிவுல 1000. மார்க்கர்ல கோடு போட்டுட்டுத் தேய்ச்சா எங்க படியலன்னு தெரிஞ்சிடும். பிவட் ஓட்டையைச் சுத்தி மெல்லிசா ஒரு பள்ளம் விட்டுட்டா முகம் தேவையான இடத்துல மட்டும் படியும். பைக் கடையில வால்வு தேய்க்கிற பேஸ்ட்டை மட்டும் தயவுசெஞ்சு கிட்ட கொண்டு வராதீங்க, அந்தப் பொடி பித்தளைக்குள்ள பதிஞ்சு உக்காந்துக்கிட்டு எஞ்சின் ஓடுற காலம் பூரா அறுத்துக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங், சிலிண்டர் பிளேட்டை விட்டு எழும்பாத அளவுக்கு இருந்தா போதும். ஸ்டீம்ல ஓட்டும்போது உள்ள தண்ணி தேங்கினா அந்த ஸ்பிரிங்தான் வழிவிட்டுக் காப்பாத்தும், அதனாலயும் இறுக்கக் கூடாது.

பெகு மெக்கானிக்
சரி சரி, ஓ-ரிங்கை எடுத்து டப்பால போட்டாச்சு 😄 அந்தக் கணக்கு எனக்கும் புதுசு.

உமி அடுப்பு
எஞ்சின் விஷயம் முடிஞ்சிடுச்சு, நான் அந்தப் பெயிண்ட் டப்பாக்காகத்தான் எழுதுறேன். எங்கப்பா டெல்டா பக்கம் அரிசி மில்லுல பாய்லர் ஆளு, உமியைக் கொட்டி எரிச்சு ஸ்டீம்லயே மில்லு ஓட்டின காலம், கேஜையும் தண்ணிக் கண்ணாடியையும் பார்க்காம அவர் தீ போட்டதே இல்ல. மூடின டப்பால தண்ணி கொதிக்கவைக்கிறது வெடிகுண்டு செய்றதுதான் தம்பி, சின்னதா இருந்தாலும் கொதிதண்ணி மூஞ்சியிலதான் அடிக்கும். செம்புக் குழாயில செய்யுங்க, பித்தளைத் தகடு வேணாம், சூட்டுத் தண்ணியில நாளடைவுல துத்தநாகம் கரைஞ்சு உளுத்துப் போயிடும். எல்லா ஜாயின்ட்டும் வெள்ளிப் பத்தவைப்பு. சாதா ஈயப் பத்தவைப்பு 190 டிகிரிக்குள்ளயே உருக ஆரம்பிச்சிடும், தண்ணி வத்திட்டா பாய்லர் அந்தச் சூட்டைத் தாண்ட நிமிஷம் ஆகாது. சேஃப்டி வால்வு கட்டாயம். செஞ்சு முடிச்சதும் முழுக்கத் தண்ணி நிரப்பி, ஓட்டப்போற பிரஷரைப் போல ரெண்டு மடங்கு கை பம்புல ஏத்திப் பாருங்க. காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணவே கூடாது, பிளந்தா காத்து சிதறடிக்கும், தண்ணின்னா ஒழுகறதோட சரி. அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரே போதும்.