கிரேடு 1இல் தமிழ் எடுக்கும் குழந்தைக்கும் தமிழாசிரியருக்கும் வீட்டிலிருந்து எப்படித் துணைநிற்பது?

கேள்வி – வாக்வா அம்மா

அனைவருக்கும் வணக்கம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது என் மகள் இங்கே மொரீஷியஸில் அரசுத் தொடக்கப் பள்ளியில் கிரேடு 1 சேருகிறாள். சேர்க்கைப் படிவத்தில் விருப்ப மொழிக்கான இடத்தில் தமிழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். நான் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வரை தமிழ் படித்தவள் என்பதால் எழுதவும் படிக்கவும் தெரியும்; ஆனால் வீட்டில் எல்லாரும் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசிக்கொள்கிறோம். கணவருக்குத் தமிழ் தெரியாது. மாமியார் கோவிலில் தேவாரம் பாடுவார். மற்றபடி அவரும் கிரியோல்தான்.

ஐந்து வயதுக் குழந்தை ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றையும் ஒரே ஆண்டில் தொடங்கினால் திணறிப்போகும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தமிழைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளி திறப்பதற்கு இருக்கும் இந்தச் சில வாரங்களில் மகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதும், தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பெற்றோர் என்ற முறையில் உண்மையிலேயே பயன்படும்படி என்ன செய்யலாம் என்பதும்தான் என் கேள்விகள். இன்னொன்று: பள்ளி தொடங்கிய சிறிது காலத்திலேயே தைப்பூசக் காவடி விரதம் வருகிறது. கணவர் ஆண்டுதோறும் காவடி எடுப்பவர். புதிய பள்ளி, விரதம் இரண்டையும் குழந்தை சிரமமின்றிக் கடக்க, அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 – குவாத்ர் போர்ன் தமிழாசிரியை

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், பெற்றோர் பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பே பிரியும். இந்தி எடுத்தவர்கள் ஓர் அறைக்கும், உருது எடுத்தவர்கள் வேறோர் அறைக்கும், கிரியோல் எடுத்தவர்கள் இன்னோர் அறைக்கும் போக, தமிழ்க் குழந்தைகள் சிலர் மட்டும் என் பின்னால் வரிசையாக வருவார்கள். காலையில்தான் அறிமுகமான பக்கத்து இருக்கைத் தோழி வேறு பக்கம் போவதைப் பார்த்து, முதல் வாரத்தில் அழாத குழந்தை குறைவு. அந்த அழுகையைக் கண்ட பெற்றோர், தமிழ் கடினமாக இருப்பதால்தான் பிள்ளை அழுகிறது என்று முடிவுகட்டி, மொழியை மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் போய் நின்றதும் உண்டு. ஆகவே இப்போதே மகளிடம் சொல்லிவையுங்கள்: தினமும் சிறிது நேரம் நீ தமிழ் மிஸ்ஸுடன் வேறு அறைக்குப் போவாய், பாடம் முடிந்ததும் தோழியிடம் திரும்பி வருவாய் என்று. இதைக் கேட்டுப் பழகிய குழந்தை அழுதாலும் சீக்கிரம் தேறிவிடும்.

இரண்டாவது, எழுத்து. பள்ளி திறப்பதற்குள் 247 எழுத்துகளையும் எழுதவைத்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்து வயது விரலுக்கு ‘அ’வின் சுழியும் ‘இ’யின் வளைவும் எளிதல்ல; பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன ட, ப, ம போன்றவைதான் முதலில் கைக்கு வசப்படும். அதற்கும் முன்னால் காது பழக வேண்டும். குளிக்கவைக்கும்போது கை, கால், தலை. சாப்பிடும்போது சோறு, பருப்பு, தண்ணீர். படுக்கும்போது ‘விளக்கை அணை’, ‘கதவை மூடு’ என்று அன்றாடம் வரும் சிறு வாக்கியங்களை மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள். வீட்டில் இவற்றைக் கேட்ட குழந்தையும் கேட்காத குழந்தையும் என் வகுப்பில் ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடுவார்கள். மூன்று மொழியால் திணறுவார்கள் என்ற பேச்சைப் பொறுத்தவரை, காதில் ஏற்கெனவே பழகிய மொழி வகுப்பில் சுமையாக இராது என்பதே நான் கண்டது.

இனி ஆசிரியருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள், கேட்டதற்கே நன்றி. பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பாசிரியரின் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அவரிடம் பேசி முடித்ததும் பெரும்பாலோர் நேராக வாசலுக்குப் போய்விடுவார்கள். தமிழாசிரியர் எந்த அறையில் இருக்கிறார் என்று விசாரித்து வந்து சந்திப்பவர்கள் மிகச் சிலரே. நீங்கள் வாருங்கள். வீட்டில் யார் தமிழ் பேசுவார்கள், குழந்தைக்கு எந்தப் பாட்டு தெரியும், எதற்குக் கூச்சப்படுவாள் என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதும். நானாகக் கண்டுபிடிக்க ஒரு தவணை முழுவதும் ஆகக்கூடியதை அன்றே தெரிந்துகொள்வேன். தமிழ் நோட்டுப் புத்தகத்துக்குத் தனி நிறத்தில் அட்டை போட்டுக் கொடுங்கள். அறை மாறும் அவசரத்தில் தவறான நோட்டை எடுத்து வந்து, நேரம் வீணாவது வழக்கம். பாடநூலை அரசே இலவசமாகத் தருகிறது என்பதால் அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

புயல் காலத்திலேயே நம் பள்ளியாண்டு தொடங்குகிறது. புயலோ கனமழையோ பள்ளியை மூடவைத்தால், ஏற்கெனவே குறுகிய மொழிப் பாடவேளைதான் அதிகம் அடிபடுகிறது. அப்படி வீட்டில் இருக்கும் நாளில், நடத்திய பக்கத்தை ஒரு முறை குழந்தையுடன் சேர்ந்து வாசித்தீர்களானால், அதைவிடப் பெரிய உதவி எனக்கு வேண்டாம்.

பதில் 2 – போர்ட் லூயி தாத்தா

அம்மா, ஆசிரியை சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எழுத்தைப் பற்றி மட்டும் என் கருத்து சற்று வேறு. குழந்தை தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டு பள்ளிக்குப் போகட்டும். சுழி கோணினாலும் பரவாயில்லை. தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் ஒரு துணிவு இருக்கும். என் பேரப் பிள்ளைகளிடம் அதைக் கண்டிருக்கிறேன்.

எழுத்தைக் காட்ட விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகியிருக்கின்றன. கடைக்குப் போகும்போது தாளைக் குழந்தையின் கையில் கொடுத்து, தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கோவிலுக்குப் போனால் வாசலில் எழுதியிருக்கும் சாமியின் பெயரில் தெரிந்த எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்த நாட்டில் தமிழ் கண்ணில் படும் இடங்கள் இருக்கின்றன என்பதே குழந்தைக்குப் பெரிய செய்தி.

காவடியைப் பொறுத்தவரை, பத்து நாள் விரதம் வீட்டின் நடையையே மாற்றிவிடும். மாலையில் கோவில், இரவில் பஜனை, தூக்கம் தாமதம். பெரியவர்கள் விரதம் இருக்கட்டும். குழந்தை வழக்கமான நேரத்தில் தூங்க வேண்டும். ஆகவே வார நாட்களில் இரவுப் பூசைக்கு அழைத்துப் போகாமல், பாட்டியுடன் வீட்டில் விடுங்கள். வீடே சைவமாக இருக்கும் அந்த நாட்களில் பகலுணவுப் பெட்டியில் என்ன வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் காலைப் பரபரப்பு பாதியாகக் குறையும். தைப்பூசம் பொது விடுமுறை. அன்று அப்பாவுடன் ஊர்வலத்தில் மகள் நடக்கட்டும்.

பதில் 3 – ரோஸ் ஹில் அப்பா

சுருக்கமாக ஒன்று. என் மகன் இந்த ஆண்டு கிரேடு 6 முடித்தான். தொடக்கத்தில் தமிழ் எடுத்த அவனுடைய தோழர்கள் சிலர், தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. நெருங்கியதும் ஆங்கிலம், கணக்கு டியூஷனுக்கு நேரம் வேண்டும் என்று தமிழ்ப் பயிற்சியைத் தள்ளிவைத்தார்கள். அப்படி ஒவ்வொருவராக ஒதுங்கும்போது, மிச்சமிருக்கும் சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு உற்சாகம் குறையாமல் பாடம் நடத்துவது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். நாங்கள் இன்னும் மூன்று குடும்பங்களோடு பேசி, தமிழை இறுதிவரை விடுவதில்லை என்று சேர்ந்தே தீர்மானித்தோம். உங்கள் மகளின் தமிழ் வகுப்பில் யார் யார் சேருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெற்றோரிடம் இப்போதே பழகுங்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி பெற்று வரும் ஆசிரியர்களுக்குத் திறமையில் குறையில்லை. எதிரே உட்கார மாணவர்கள் வேண்டும்.

மறுமொழி – வாக்வா அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பு பிரியும் செய்தியை இன்றிரவே மகளிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். ‘தமிழ் மிஸ்ஸின் பெயர் என்ன’ என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. பெயர் எழுதும் யோசனையையும் ஏற்கிறேன். அவள் பெயர் ‘ம’வில் தொடங்குவதால் இருவர் சொன்னதும் பொருந்திவிடுகிறது. ஒரே ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. மாலையில் நான் வேலையிலிருந்து தாமதமாகத்தான் வருவேன். வீட்டுப்பாடத்தைப் பார்ப்பவர் கணவர். அவருக்கோ தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

பதில் 4 – குவாத்ர் போர்ன் தமிழாசிரியை

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, சகோதரி. அன்று படித்த பக்கத்தை அப்பாவுக்குக் கற்பிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்து, அவள் விரல் வைக்கும் எழுத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்திட்டு அனுப்பினால், வீட்டில் வாசித்திருக்கிறாள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அவள் தடுமாறிய எழுத்தைச் சுற்றி ஒரு பென்சில் வட்டமும் போட்டுவிட்டால், மறுநாள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.