முட்டி வலி: எக்ஸ்ரே ஒரே மாதிரி, ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சிப்புட்_மண்டபம் எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்ட பெரியவர்களுக்கு மண்டபத்தில் முட்டிப் பயிற்சி நடத்துகிறோம். எல்லாரும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) காட்டி, மூட்டுத் தேய்மானம்தான் என்று உறுதியானவர்கள். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்பதில் குழப்பமில்லை. எக்ஸ்ரே ஒரே அளவு தேய்மானத்தைக் காட்டும் இரண்டு பேரில் ஒருவர் பாசாருக்கு (சந்தைக்கு) நடந்தே போகிறார், இன்னொருவர் வாசற்படி இறங்க மகனைக் கூப்பிடுகிறார். அதுதான் புரியவில்லை.

குறிப்பாக மூன்று பேர். ஒருவர் முன்பு பால்மரம் வெட்டிய அக்கா, 62 வயது. வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு நான்கு என்கிறார். படியைக் கண்டால் மட்டும் "இறங்கினா முட்டி கழண்டுரும்" என்று நின்றுவிடுகிறார். அடுத்தவர் இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன், 54 வயது. வலி குறைந்த அன்று ரெண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்துக்கொள்கிறார். மூன்றாவது ஒரு அம்மா. ராத்திரி தூக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது, பயிற்சிக்கு வந்தாலும் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்.

"மனசும் ஒரு காரணம்" என்று வாயெடுத்தாலே, "அப்போ நான் நடிக்கிறேனா?" என்று கோபம் வருகிறது. இவர்களிடம் எப்படிப் பேசுவது, எதில் தொடங்குவது?

பிசியோ_பேராக் எழுதியது:

முதலில் எக்ஸ்ரே விஷயம். 2008-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் பிறைச்சவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ எதுவுமே இல்லை. ஆகவே, படத்தில் தெரிகிற சேதத்தை வைத்து வலியை அளக்க முடியாது. வலி உண்மைதான். ஆனால் அதை ஏற்றி இறக்குகிற இடங்களில் மூட்டும் ஒன்று, அவ்வளவுதான். மூளை எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுகிறதோ அந்த அளவுக்கு நரம்பு உஷாராகும். கோபப்படுகிறவர்களிடம் இதை இப்படியே சொல்லுங்கள். "மனசு" என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு வருவோம். வலி நான்கு, நடமாட்டம் பூஜ்யம் என்றால் அங்கே வேலை செய்வது பயம். பயந்து காலை விறைக்கும்போது தொடையின் முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகி, மூட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. மாதக்கணக்கில் படியைத் தவிர்த்தால் தொடை வற்றி முட்டி உண்மையாகவே தள்ளாடும். அவர் பயந்ததற்கு அதுவே சாட்சி ஆகிவிடும்.

செய்முறை இது. படிக்கு ஏணி போடுங்கள்: 5 செ.மீ. பலகையில் கைப்பிடியோடு ஏறி இறங்குவது, பிறகு 10 செ.மீ., பிறகு 15 செ.மீ., அதற்குப் பிறகு ஒரு கையை விட்டு, பிறகு நிஜப் படி ஒன்று, கடைசியாகக் கையில் பாசார் பையோடு நான்கு படி. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், "இப்போ இறங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதை எவ்வளவு நம்புகிறார் என்று நூற்றுக்கு ஒரு எண் கேளுங்கள். "கழண்டுரும், 80" என்பார். இறங்கச் சொல்லுங்கள். முடிந்ததும், "கழண்டுச்சா?" என்று கேட்டு அந்த எண்ணைத் திரும்பக் கேளுங்கள். எண் 30-க்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டம். வலி போய்விட்டதா என்பது இங்கே அளவுகோல் இல்லை. பயிற்சியின்போது வலி பத்தில் 5 வரை வரலாம், 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் பலகை உயரத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

இது கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. உதவிக்கு நிற்பவர் அக்குளில் கை கொடுத்துத் தாங்குவார், இன்னொருவர் "பாத்து, பாத்து" என்று கத்துவார். இறங்கி முடித்தாலும் அக்கா மனதில் பதிவது "அவங்க பிடிச்சதால தப்பிச்சேன்" என்பதுதான், பாடம் வீண். ஒரு அடி தள்ளி நின்று வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், "எலும்போட எலும்பு உரசுது", "ஜவ்வு போச்சு" என்கிற பேச்சே மண்டபத்தில் வேண்டாம். கிளினிக்கில் யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வரி ஒருவரைப் பத்து வருஷம் நாற்காலியில் உட்கார வைத்துவிடும்.

ஒன்று மட்டும். முட்டி திடீரென வீங்கிச் சூடாகி காய்ச்சல் அடித்தால், பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

கைவேலை_55 எழுதியது:

குலை வெட்டும் அண்ணனுக்குப் பயம் இல்லை, நேர்மாறு. வலியைப் பார்த்து வேலை செய்கிறார்: இல்லாத அன்று ஓட்டம், வந்த அன்று படுக்கை. நாளாக நாளாக நல்ல நாள் குறையும், படுக்கும் நாள் கூடும். இவருக்கு வேலையை வலியிலிருந்து பிரித்துக் கடிகாரத்தில் கட்ட வேண்டும்.

மூன்று நாள், அதில் ஒரு மோசமான நாளும் இருக்கட்டும், வலி இரண்டு புள்ளி ஏறுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 30, 20, 25 என்று வந்தால் சராசரி 25. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 20 நிமிடம்தான் தொடக்க அளவு. 20 ஆனதும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 நிமிடம் நிலை மாற்ற வேண்டும்: நின்றவர் உட்கார, உட்கார்ந்தவர் நடக்க. வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டலாம். மோசமான நாளில் பாதி அளவாவது செய்ய வேண்டும், முழு ஓய்வு கூடாது. "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றுகிற நாளில்தான் இது உடைந்துபோகும். அந்த நாளில் கூடுதலாக ஒன்றும் செய்யக்கூடாது என்று அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு பேசி வையுங்கள்.

எடைக்குக் கூலி வாங்குகிறவரிடம் போய் "மெதுவா செய்ங்க" என்று மட்டும் சொன்னால் அது அவர் காதில் ஏறாது. சம்பளம் குறையுமே என்ற கவலை இருக்கும்வரை அவர் மறுபடி ஓடத்தான் செய்வார். மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) வேலை மாற்றிக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். இலகு வேலை என்று உதிரிப் பழம் பொறுக்கக் கொடுத்துவிடுவார்கள். முட்டிக்கு அதைவிடக் கொடுமை இல்லை, நாள் முழுக்கக் குந்த வேண்டும். பொறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நீளக் கைப்பிடி வைத்த வாரி. மெடிக்கல் லீவு தொடர்ந்து போனால் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) மறுவேலைத் திட்டத்தில் பெயர் கொடுக்கலாம். அங்கே ஆளுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார், முதலாளியிடம் அவரே பேசுவார்.

மனநல_ஆலோசகர்_ஈப்போ எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்த மூன்றாவது அம்மாதான் முக்கியம். அக்காவும் அண்ணனும் முட்டியோடு போராடுகிறார்கள். இவர் போராட்டத்தை விட்டுவிட்டார்.

மனச்சோர்வைப் பார்க்க கிளினிக்குகளில் பிஎச்கியூ-9 என்கிற ஒன்பது கேள்வித் தாள் உண்டு, மொத்தம் 27 புள்ளி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். நீண்டநாள் வலி உள்ளவர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது: தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளுக்கு வலி மட்டுமே புள்ளியை ஏற்றிவிடும். அதனால் முதல் இரண்டைத் தனியாகப் பாருங்கள். எதிலும் ஈடுபாடில்லை, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறது என்பவை. அந்த இரண்டும் சேர்ந்து 6-க்கு 3 வந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" தவிர வேறு பதில் எது வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஹீல் 15555 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம்.

தூக்கத்தைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தூக்கம் கெட்டால் மறுநாள் அதே முட்டி கூடுதலாக வலிக்கும். "வலி போனா தூங்குவேன்" என்று காத்திருப்பதைவிட தூக்கத்தைச் சீர்செய்வது எளிது. எழும் நேரத்தை ஒரே மணியில் நிறுத்துங்கள், ராத்திரி எப்படிப் போயிருந்தாலும். பகல் தூக்கம் 20 நிமிடத்துக்குள். படுத்து உத்தேசமாக 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கிய பிறகுதான் கட்டில். ராத்திரி முழுக்க டிவி ஓடுகிற வீட்டில் இது வேலைக்கு ஆகாது. அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் படுத்து இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை வைத்தால் பலருக்கு ராத்திரிக் குத்தல் குறையும்.

அவர் ஓரமாக உட்காருவதைக் கேள்வியாகக் கேட்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். வருகைப் பெயர் எழுதுவது, மணி பார்ப்பது. மனம் தெளிந்த பிறகு செயல் வரும் என்று இருந்தால் வராது. சிறிய செயல் முதலில், மனநிலை பின்னால்.

மருந்துக்கடை_தம்பி எழுதியது:

மருந்துப் பக்கம் இரண்டு விஷயம்.

முட்டி வலிக்கு டாக்டர் துலோக்செட்டின் எழுதிக் கொடுத்திருந்தால், வீட்டில் யாரோ கூகுளில் பார்த்து "இது பைத்தியக்கார மாத்திரை" என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும், நீண்டநாள் மூட்டு வலிக்கும் கொடுக்கப்படும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலி அடக்கும் பாதையை அது பலப்படுத்துகிறது. வழக்கமாக 30 மில்லிகிராமில் தொடங்கி 60-க்குப் போவார்கள். முதல் வாரம் குமட்டல் வரும், சாப்பிட்ட பிறகு போட்டால் தாங்கும். பலன் தெரிய சில வாரம் பிடிக்கும், நான்கு நாளில் "வேலை செய்யல" என்று விடக்கூடாது. திடீரென்றும் நிறுத்தக்கூடாது, தலைசுற்றலும் பதற்றமும் வரும். திரமடோல் என்கிற வலி மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

இரண்டாவது, ராத்திரிச் சந்தையிலும் கையிலும் விற்கிற "முட்டி ஜாமு" என்கிற நாட்டு மருந்து. ரெண்டு நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் உப்புகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள். சர்க்கரையும் பிரஷரும் எகிறும். மால் எண் (அரசாங்க மருந்துப் பதிவு எண்) இல்லாத டப்பாவை வாங்க வேண்டாம். மால் எண்ணையே போலியாக அச்சடிக்கிறவர்களும் உண்டு, மருந்துகளைப் பதிவு செய்கிற என்பிஆர்ஏ அமைப்பின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் தானாக நிறுத்தினால் மயங்கி விழலாம், டப்பாவோடு கிளினிக்குக்குப் போகட்டும். இதை ஏன் இந்தத் திரியில் எழுதுகிறேன் என்றால், ஜாமுவால் வலி பறந்தவர் அது நின்றதும் திரும்புகிற வலியைப் பார்த்து, "முட்டி முன்னைவிடக் கெட்டுப்போச்சு" என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையோடு உங்கள் மண்டபத்துக்கு வந்தால் பிசியோ சொன்ன பலகையில் கால் வைக்கவே மாட்டார்.

சிப்புட்_மண்டபம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் மகனைப் பற்றி ஒன்று. நல்ல பிள்ளை. தண்ணீர்கூட எடுக்க விடமாட்டார், "நீங்க உக்காருங்கம்மா" என்று எல்லாம் அவரே செய்கிறார். அவரிடம் என்ன சொல்வது? இன்னொன்று, முட்டிக்குப் போடுகிற கார்ட் (முட்டி உறை) பயத்துக்கு உதவுமா?

மனநல_ஆலோசகர்_ஈப்போ எழுதியது:

அக்கறையாகத்தான் செய்கிறார். ஆனால் அம்மா முகம் சுளிக்கும்போது ஓடி வருவதும், நடக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பதும் சேர்ந்து, அசையாமல் இருப்பதற்குத்தான் பரிசாகிவிடுகிறது. உதவியை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் அம்மா கைவிட்டதாக நினைப்பார். மகனையும் அம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்து, அம்மாவே இரண்டு வேலையைத் தேர்ந்தெடுக்கட்டும்: டீ கலக்குவது, சாமி விளக்கு ஏற்றுவது மாதிரி. அந்த இரண்டில் மகன் கை வைக்கக்கூடாது. "வலிக்குதாம்மா?" என்ற கேள்விக்குப் பதிலாக "இன்னிக்கு விளக்கு ஏத்தினீங்களா?" என்று கேட்கட்டும். தரையில் குந்தி ஏற்றுகிற விளக்காக இருந்தால் மேசைக்கு ஏற்றி வைத்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பிசியோ_பேராக் எழுதியது:

கார்ட் நீண்ட நடைக்கும் பஸ் ஏறுவதற்கும் போட்டுக்கொள்ளலாம், இதமாக இருக்கும். மண்டபத்தில் பலகை ஏறும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தப்பித்த பெருமை கார்டுக்குப் போய்விடும். தூங்கும்போது போடவே கூடாது. கழற்றிய பிறகும் தோலில் ஆழமாகத் தடம் நின்றால் அளவு சின்னது.