புதுப்பிப்பு: உருவப்படம் வரைய எந்தப் போட்டோ?

முந்தைய பதிவில் ஒளியைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தேன்: ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு ஜன்னல் ஒளி போதும். தூரத்தைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் ஒடுங்கிவிடும். காரணம் லென்ஸ் அல்ல, நெருக்கம்தான். மூக்கு நுனி காதைவிடக் கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் வரும் கோளாறு இது. குறைந்தது 2 மீட்டர் தள்ளி நின்று, போனில் 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் வைத்து, வரையப்படுபவரின் கண்மட்டத்தில் கேமராவைப் பிடியுங்கள். முழுச்சட்டக் கேமராவென்றால் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 85 மி.மீ. லென்ஸ் அருமை.

செல்ஃபி சில போன்களில் இடவலம் மாறிப் பதிவாகும். வகிடும் மச்சமும் எந்தப் பக்கம் என்று சரிபாருங்கள். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது தோலை மழுப்புவதோடு தாடை வடிவத்தையும் மாற்றக்கூடும்.

ஜன்னல் ஒளியில் எடுக்கும்போது அறை விளக்கை அணையுங்கள். இல்லையென்றால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். தோல்நிறம் கலக்கவே முடியாது.

போட்டோவில் நிழல் கருப்பாக அடைத்துக்கொள்ளும், கண்ணுக்கு அப்படித் தெரியாது. அதனால் அதே நிலையில், விளக்கு எதையும் போடாமல், கேமராவின் எக்ஸ்போஷரை (பதிவாகும் வெளிச்ச அளவை) மட்டும் கூட்டி இன்னொரு படம் எடுங்கள். நிழல் நிறங்களை அதிலிருந்து எடுக்கலாம்.

பழைய சின்னப் போட்டோவைச் செயலியால் பெரிதாக்கினால், இல்லாத இமைமுடியை அது கற்பனையாகச் சேர்க்கக்கூடும். சாயலே போய்விடும். மூலப்படத்தையே நம்புங்கள்.